கோடையில் ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஊர்கள்: வெங்கன், சாஸ்ஃபே, செர்மாட், ஷமோனி ஆகியவற்றில் எங்கே தங்குவது?

பனிச்சறுக்குக்குப் பெயர் பெற்ற ஆல்ப்ஸ் மலை ஊர்களில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் உயிர் இருக்கும், கோடையில் அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பனிக்காலத்தில் சறுக்குபவர்களை மேலே ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட ரோப் கார்களும், பற்கள் கொண்ட சக்கரத்தால் சரிவில் ஏறும் பல்சக்கர ரயில்களும், பழனியில் விஞ்ச் என்று நாம் அழைக்கும் வகையைச் சேர்ந்த இழுவை ரயில்களும், ஏறத்தாழ ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நடைப்பயணிகளுக்காக ஓடுகின்றன. இந்த வசதி இல்லாத மலையில் 2,300 மீட்டர் உயரத்துப் புல்வெளியைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று நான்கு மணி நேரம் ஏறியாக வேண்டும். இங்கேயோ முழங்கால் வலியுள்ள தாயாரும் எட்டு வயதுப் பிள்ளையும் காலைச் சிற்றுண்டி முடித்த அரை மணி நேரத்தில் அந்தப் புல்வெளியில் ஒன்றாக நிற்கலாம். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான விடுமுறை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எளிதன்று. சுற்றுலா விளம்பரங்கள் அனைத்தும் ஒவ்வோர் ஊரின் மிக உயர்ந்த நிலையத்தையே முன்னிறுத்துகின்றன: வெங்கனுக்கு மேலுள்ள யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டர், ஷமோனியின் எகுய் து மிடி 3,842 மீட்டர், செர்மாட்டின் சிறிய மேட்டர்ஹார்ன் 3,883 மீட்டர். அந்த உச்சிகளுக்குப் போய்த் திரும்ப அரை நாள் போதும். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். முதியவர்கள் பலருக்கு அங்கே நெடுநேரம் இருப்பது சிரமமாக இருக்கலாம். இதய நோயோ மூச்சுக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. ஒரு வாரம் தங்குபவரின் மற்ற ஆறு நாட்களும் 1,800 மீட்டருக்கும் 2,500 மீட்டருக்கும் இடைப்பட்ட நடு நிலையங்களைச் சுற்றியே கழியும். ஆகவே ஊரை அதன் உச்சியைக் கொண்டு எடைபோடாமல், அதன் நடு நிலையத்தில் இறங்கியதும் கால்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கொண்டு எடைபோட வேண்டும் என்பதே என் துணிபு. சுவிட்சர்லாந்தின் வெங்கன், சாஸ்ஃபே, செர்மாட் ஆகிய மூன்று ஊர்களையும் பிரான்சின் ஷமோனியையும் இந்த அளவுகோலை வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

ஊர்களுக்குள் போகுமுன் வானிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மேகம் மூடிய நாளில் எந்த ரோப் காரும் வெள்ளைத் திரை ஒன்றுக்குள்தான் கொண்டுபோய் விடும். தென்மேற்குப் பருவமழை கேரளத்துச் சரிவில் கொட்டித் தீர்த்தபின் கோயம்புத்தூர்ப் பக்கம் வெறும் காற்றாக வருவதை நாம் அறிவோம். செர்மாட்டும் சாஸ்ஃபேயும் இருக்கும் பள்ளத்தாக்குகள் அதேபோல நாலாபுறமும் உயர்ந்த மலைகளால் மழை மறைவில் அமைந்தவை. வெங்கனும் அதற்கு அடுத்துள்ள கிரிண்டெல்வால்டும் ஆல்ப்ஸின் வடக்கு முகத்தில், வடமேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை நேரே வாங்கும் இடத்தில் இருக்கின்றன. செர்மாட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை கிரிண்டெல்வால்டில் பெய்வதில் பாதியளவே. இதன் பலனை நிலத்திலேயே பார்க்கலாம். வடக்கு முகத்தில் புல்வெளி கண்ணைப் பறிக்கும் பச்சையாகவும், அருவிகள் வற்றாமலும் இருக்கும். தெற்கே லார்ச் மரங்களும் காய்ந்த பாறையும் நீலவானமும் கூடுதல். பசுமையா, தெளிந்த வானமா என்பது முதல் தெரிவு. ஒரே வாரத்தில் இரண்டையும் முழுமையாகப் பெற முடியாது.

வெங்கனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரியவர்களை அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு என் முதல் தெரிவு அதுதான். ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில், லௌட்டர்புருன்னென் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவருக்கு மேலே, ஒரு திண்ணையில் அமர்ந்திருப்பதைப்போல அமைந்த ஊர் இது. காரில் வருபவர்கள் கீழே லௌட்டர்புருன்னெனில் வண்டியை நிறுத்திவிட்டுப் பல்சக்கர ரயிலில் கால் மணி நேரம் ஏறி வர வேண்டும். ஊருக்குள் சிறிய மின்வண்டிகளைத் தவிர வேறு வாகனம் கிடையாது. ஊர் நடுவிலிருந்து புறப்படும் ரோப் கார் ஐந்தே நிமிடத்தில் 2,200 மீட்டருக்கு மேலுள்ள மென்லிகன் முகட்டில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து கிளைன ஷைடெக் என்ற ரயில் நிலையத்துக்கு ஒன்றரை மணி நேர நடை. பாதை அகலமானது, பெரும்பாலும் மெல்ல இறங்குவது, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களையும் அங்கே காணலாம். நடக்க நடக்க ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் ஆகிய மூன்று சிகரங்களும் எதிரே நெருங்கி வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பாதையின் சிறப்பு அழகோடு முடிவதில்லை. நடக்க முடியாத பெரியவர் வெங்கனிலிருந்து ரயிலில் நேரே கிளைன ஷைடெக்குக்கு வந்து, 2,061 மீட்டர் உயரத்தில் வெயிலில் உட்கார்ந்து தேநீர் அருந்திக்கொண்டே மற்றவர்களுக்காகக் காத்திருக்கலாம். பிறகு எல்லோரும் ஒரே ரயிலில் திரும்பலாம். குடும்பம் காலையில் பிரிந்து நண்பகலில் மலைமேல் கூடுவதற்கு இவ்வளவு இயல்பான ஏற்பாடு வேறெந்த ஊரிலும் இல்லை. 1893இல் திறக்கப்பட்ட வெங்கெர்னால்ப் ரயில்பாதை லௌட்டர்புருன்னெனையும் கிரிண்டெல்வால்டையும் மலைமுகட்டின் மேலாக 19 கிலோமீட்டர் நீளத்துக்கு இணைக்கிறது. அதனால்தான் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போவதுபோல மலைமேல் போய்வர முடிகிறது.

கிளைன ஷைடெக்கிலிருந்து மேலே போவதுதான் புகழ்பெற்ற யுங்ஃபிராவ் ரயில். அடால்ஃப் கய்யர்-செல்லர் என்ற தொழிலதிபரின் முயற்சியில் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் 1912இல் நிறைவடைந்த இந்தப் பாதை ஐகர், மோன்ஷ் மலைகளின் வயிற்றைக் குடைந்து செல்கிறது. மேலே யுங்ஃபிராவ்யோக்கில் இறங்கினால் ஆல்ப்ஸின் மிக நீண்ட பனியாறான அலெட்ஷ் கண்முன் விரிகிறது; 2001 முதல் அது உலகப் பாரம்பரியச் சொத்து. பார்க்கத் தகுந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கீழேயுள்ள இன்டர்லாக்கன் ஊரிலிருந்து போய்வரச் சலுகையில்லாத கோடைக்காலக் கட்டணம் ஒருவருக்கு 200 சுவிஸ் பிராங்கைத் தாண்டுகிறது. ஒரு நாள் சுற்றுலாவில் பேருந்தில் வருபவர்களுக்கு வானம் எப்படி இருந்தாலும் அன்றே ஏறியாக வேண்டிய கட்டாயம் உண்டு. வெங்கனில் ஒரு வாரம் தங்குபவரோ காலை ஆறு மணிக்கு நேரலைக் கேமராவில் மேலே மேகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்தச் சுதந்திரத்துக்காகவே தங்கலாம்.

வடக்கு முகத்தில் மழைநாள் கட்டாயம் வரும் என்று சொன்னேன். அந்த நாளுக்கும் இங்கே வழி இருக்கிறது. பள்ளத்தாக்கின் அடியில், ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் மூன்றின் பனியாறுகளும் உருகி வரும் நீர் பாறையைக் குடைந்து ட்ரும்மல்பாக் என்ற அருவித் தொடராகப் பாய்கிறது. மலைக்குள்ளேயே அமைந்த லிஃப்டில் ஏறிப் போய் அதைப் பார்க்கலாம். நொடிக்கு 20,000 லிட்டர் வரை கொட்டும் அதன் முழக்கம் மழைநாளில்தான் இன்னும் பொருத்தமாக இருக்கும். சற்றுத் தள்ளி 300 மீட்டருக்கு நெருக்கமான உயரத்திலிருந்து ஷ்டௌப்பாக் அருவி விழுகிறது. இன்டர்லாக்கனும் அதன் இரு பக்கத்து ஏரிகளும் ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் தூரம்தான்.

வெங்கனுக்குப் பதிலாகக் கிரிண்டெல்வால்டில் தங்கலாமா என்று பலர் கேட்பார்கள். கிரிண்டெல்வால்டில் கார் வரலாம், கடைகள் அதிகம், 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப் கார் கால் மணி நேரத்தில் யுங்ஃபிராவ் ரயில் பாதையிலுள்ள ஐகர் பனியாற்று நிலையத்துக்கு ஏற்றிவிடுகிறது. 2,168 மீட்டரிலுள்ள ஃபிர்ஸ்ட் நிலையத்திலிருந்து பாக்கால்ப் ஏரிக்குப் போகும் ஒரு மணி நேர நடை மிகவும் அழகானது. ஆயினும் அந்த ஊரின் நடுத்தெரு கோடையில் சுற்றுலாப் பேருந்துகளால் நிரம்பி வழிகிறது. மலையூருக்குப் போய் நெரிசலில் நடப்பதற்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. தங்குவது வெங்கனில், பாக்கால்ப் ஏரிக்காக ஒரு நாள் கிரிண்டெல்வால்டுக்கு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது சாஸ்ஃபே. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. கேட்டிருக்க வேண்டிய ஊர். 1,800 மீட்டர் உயரத்தில், மூன்று பக்கமும் 4,000 மீட்டர் சிகரங்கள் சூழ, வீதியின் முடிவில் தலையை உயர்த்தினால் பனியாறு தெரியும் கிராமம். 1951 வரை இங்கே வண்டிப்பாதையே கிடையாது. பாதை வந்த பிறகும் கார்களை ஊர் வாயிலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்து இன்றுவரை அதைக் கடைப்பிடிக்கிறார்கள். ஃபிஸ்ப் ரயில் நிலையத்திலிருந்து மஞ்சள் நிறத் தபால் பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ரயில் நேரே வராததால்தான் கூட்டமும் செர்மாட் அளவுக்கு வருவதில்லை.

சாஸ்ஃபேயின் பெரும் நன்மை கட்டண முறையில் இருக்கிறது. இங்கே ஓர் இரவாவது தங்கும் விருந்தினருக்குக் கோடையில் ஒரு அட்டை வழங்கப்படுகிறது. அதைக் காட்டினால் அந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பாலான ரோப் கார்களிலும் பேருந்துகளிலும் தனிக் கட்டணமின்றிப் போகலாம். உச்சிக்குச் செல்லும் மெட்ரோ அல்பின் என்ற சுரங்க இழுவை ரயில் மட்டும் இதில் சேராது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் அறையைப் பதிவு செய்யும்போதே விடுதியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த அட்டையின் மதிப்பைப் பணத்தில் மட்டும் கணக்கிடக் கூடாது. மற்ற ஊர்களில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் நான்கு பேருக்கான கட்டணம் மனத்தில் ஓடும். மேலே மேகம் வந்துவிட்டால் பணம் போயிற்றே என்று தோன்றும். இங்கே காலையில் ஒரு மலை, மதியம் பிள்ளைகள் கேட்டால் இன்னொரு மலை, மேகம் வந்தால் உடனே இறங்கிவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த நிம்மதி பெரியது.

நடு நிலையங்களைப் பொறுத்தவரை ஷ்பீல்போடனில் இறங்கினால் மர்மோட் எனப்படும் மலை அணில்கள் வளைகளிலிருந்து வெளியே வந்து கையிலிருந்தே கேரட்டை வாங்கித் தின்னும். எந்தப் பிள்ளையும் அந்த இடத்தை விட்டு எளிதில் வராது. அருகிலுள்ள சாஸ்கிரண்டிலிருந்து ஏறும் கிரோய்ட்ஸ்போடனில் ஏரியும் விளையாட்டு இடமும் உண்டு. சாஸ்கிரண்டிலிருந்து சாஸ்ஃபேக்கு ஏறும் பழைய நடைபாதை நெடுகிலும் சின்னஞ்சிறு 15 வழிபாட்டுக் கூடங்கள் இருக்கின்றன. மலைக்கோயில் படிகளில் மண்டபத்துக்கு மண்டபம் நின்று ஏறிப் பழகிய நமக்கு அந்த வழி அந்நியமாகத் தோன்றாது. குறை என்னவென்றால், வெங்கனின் மென்லிகன் பாதையைப் போன்ற நீண்ட சமதளப் பாதைகள் இங்கே குறைவு. நடு நிலையங்களிலிருந்து விலகிப் போகும் பாதைகள் பல கற்கள் நிறைந்தவை. முழங்கால் வலியுள்ளவர் நிலையத்தைச் சுற்றியே இருக்க நேரிடும்.

சமதள நடைக்கு ஒரு விதிவிலக்கு, பள்ளத்தாக்கின் கோடியிலுள்ள மாட்மார்க் நீர்த்தேக்கம். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஏரியைச் சுற்றி வரும் பாதை ஏற்ற இறக்கம் இல்லாதது. அங்கே நடப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, 1965 ஆகஸ்ட் 30 அன்று, அலாலின் பனியாற்றின் நுனி உடைந்து தொழிலாளர் குடியிருப்பின்மேல் விழுந்தது. 88 பேர் மாண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக இத்தாலியிலிருந்து வந்தவர்கள். மலையில் நாம் அனுபவிக்கும் ஒவ்வொரு வசதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்கு அடைக்கலம் தேடி வந்த ஈழத்தமிழரில் பலர் தங்கள் முதல் ஆண்டுகளை உணவகச் சமையலறைகளில்தான் கழித்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கோடையிலும் பனியில் சறுக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த நான்கில் செர்மாட்டும் சாஸ்ஃபேயுமே பொருந்தும். சாஸ்ஃபேயில் 1984இல் திறந்த மெட்ரோ அல்பின் ஏறத்தாழ 3,500 மீட்டருக்குக் கொண்டு செல்கிறது. பல நாட்டு அணிகள் கோடையில் அங்கே பயிற்சி எடுக்கின்றன. செர்மாட்டில் ஆண்டின் 365 நாளும் சறுக்கலாம் என்பது நெடுநாள் பெருமை. ஆனால் 2022 ஜூலை கடைசியில் வெப்பம் தாளாமல் அங்கேயே கோடைச் சறுக்கை நிறுத்திவைக்க நேர்ந்தது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. பனி நன்றாக இருக்கும் நாளிலும் விடியற்காலையில் போய் நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும், அதன்பின் அது கஞ்சியாகக் குழைந்துவிடும். முதன்முதலாகச் சறுக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கோடையை நம்பி வராமல் பனிக்காலத்தில் ஒரு தனிப் பயணம் வைத்துக்கொள்வதே முறை.

செர்மாட்டைப் பற்றிப் பேசும்போது மேட்டர்ஹார்னிலிருந்துதான் தொடங்க முடியும். 4,478 மீட்டர் உயரமுள்ள அந்தக் கூர்ங்கோபுரம் தெருவில் பல இடங்களிலிருந்து வீட்டுக் கூரைகளுக்கு மேலே தெரியும். 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பரின் குழுவில் ஏழு பேர் முதன்முதலாக அதன் உச்சியை எட்டினார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்தார்கள். அந்தக் கயிற்றின் துண்டு ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மழைநாளில் பார்க்க வேண்டிய இடம் அது.

நடு நிலையங்களின் வளத்தில் செர்மாட் மற்றெல்லாவற்றையும் விஞ்சுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுரங்க இழுவை ரயிலில் சில நிமிடங்களில் சுன்னெக்காவை அடைந்தால், அங்கிருந்து சற்றுக் கீழே லைஸே என்ற சிறு ஏரி. பிள்ளைகள் அதில் காலை நனைத்து விளையாட, நீரில் மேட்டர்ஹார்னின் நிழல் அசையும். இன்னும் மேலே பிளவ்ஹெர்ட் நிலையத்திலிருந்து ஐந்து ஏரிகளைத் தொட்டுச் செல்லும் பாதை புறப்படுகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடக்கக்கூடியவர்களுக்கு அது ஒன்றே பயணத்தின் பயன். 1898இல் திறக்கப்பட்ட கோர்னர்கிராட் ரயில் 3,089 மீட்டர் வரை திறந்த மலைச்சரிவில் ஏறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயிலில் போனவர்களுக்கு அந்தப் பல்சக்கரத்தின் சத்தம் பழகிய சத்தமாக இருக்கும். இரண்டு பாதைகளும் சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த அதே முறையில், ஓராண்டு இடைவெளியில் திறக்கப்பட்டவை. நீலகிரிப் பாதையின் நீராவி இயந்திரங்களில் பல சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவையே.

பிறகு ஏன் செர்மாட்டை முதலிடத்தில் வைக்கவில்லை? விலைதான் காரணம். கோர்னர்கிராட்டுக்குப் போய்வரக் கோடையில் நூறு பிராங்குக்கு மேல், சிறிய மேட்டர்ஹார்னுக்கும் அவ்வாறே, மற்ற நிலையங்களுக்குத் தனித்தனியே என்று கூட்டிக்கொண்டே போகும். அறை வாடகையும் சாஸ்ஃபேயைவிட அதிகம். பள்ளத்தாக்கில் கீழேயுள்ள தேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு 12 நிமிட ரயிலில்தான் ஊருக்குள் வர வேண்டும் என்பதால் தெருக்கள் அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும்: விடுதிகளின் மின்வண்டிகள் ஓசையின்றி விரைவாக வருகின்றன, சிறு பிள்ளைகளின் கையை விடக் கூடாது. எனவே செர்மாட்டில் ஒரு வாரம் இருப்பதைவிட, சாஸ்ஃபேயில் ஐந்து இரவும் செர்மாட்டில் இரண்டு இரவும் என்று பிரிப்பதே அறிவுடைமை. இரண்டும் ஃபிஸ்ப் வழியாகவே அடையும் பக்கத்துப் பள்ளத்தாக்குகள் என்பதால் இடம் மாற அரை நாள்கூட ஆகாது. இரண்டு இரவு ஏன் என்றால், மேட்டர்ஹார்ன் மற்ற மலைகள் தெளிந்திருக்கும்போதும் தன் தலையில் ஒரு மேகத்தைக் கட்டிக்கொள்ளும் மலை. இரண்டு விடியற்காலைகள் கையில் இருந்தால் ஒன்றிலாவது அது முழுமையாகத் தெரிய நல்ல வாய்ப்புண்டு.

பிரான்சின் ஷமோனி வேறு வகைப்பட்ட ஊர். 1786 ஆகஸ்ட் 8 அன்று ஜாக் பல்மாவும் மிஷெல் பக்கார்டும் 4,800 மீட்டருக்கு மேற்பட்ட மோன் பிளாங் சிகரத்தை முதன்முதலில் எட்டியது இங்கிருந்துதான்; 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்ததும் இங்கேதான். ஜெனீவா விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பேருந்தில் வந்துவிடலாம் என்பதும், உணவும் தங்குமிடமும் சுவிட்சர்லாந்தைவிடக் குறைந்த விலையில் கிடைப்பதும், விருந்தினர் அட்டையால் பள்ளத்தாக்குப் பேருந்தும் ரயிலும் இலவசம் என்பதும் அதன் பக்கத்து நியாயங்கள். எகுய் து மிடி ரோப் கார் 1,035 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தை இருபது நிமிடத்தில் ஏற்றுகிறது. உடலுக்கு அது எளிய காரியமன்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை அங்கே அனுமதிப்பதில்லை, ஐந்து வயது வரையுள்ளவர்களையும் அழைத்து வர வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

நடு நிலையம் என்ற என் அளவுகோலில் ஷமோனி பின்தங்குகிறது. பள்ளத்தாக்கு குறுகியது, சரிவுகள் செங்குத்தானவை. பிளான்ப்ரா, ஃபிளெஜேர் நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதை மோன் பிளாங்கை நேர் எதிரே வைத்துப் பார்த்தபடி நடக்கும் ஒப்பற்ற பாதை என்றாலும், கல்லும் வேரும் நிறைந்தது. உறுதியான கால்களும் நல்ல காலணியும் உள்ள இருபது முப்பது வயதினருக்கு நான் தயங்காமல் ஷமோனியைச் சொல்வேன். பாட்டியோடு வரும் குடும்பத்துக்குச் சொல்லமாட்டேன். மொந்தன்வேர் ரயிலில் ஏறிப் பார்க்கும் மேர் து கிளாஸ் பனியாறும் இப்போது மகிழ்ச்சியான காட்சியாக இல்லை. ரயில் வந்த காலத்தில் நிலையத்துக்குச் சற்றுக் கீழேயே இருந்த பனி இன்று ஆழத்தில், சரளைக் கற்களால் மூடப்பட்டுக் கிடக்கிறது. அதை எட்ட ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டியிருந்ததால் 2024இல் புதிய ரோப் கார் அமைத்தார்கள். பிள்ளைகளுக்குப் புவி வெப்பமாதல் என்றால் என்ன என்று விளக்க வேறு பாடம் தேவைப்படாது.

ஏரியில் நீந்த வேண்டும், செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவர்கள் ஆஸ்திரியாவின் செல் அம் ஸேயையும் பார்க்கலாம். ஊர் ஏரிக்கரையிலேயே இருக்கிறது, அருகே 3,000 மீட்டரை எட்டும் கிட்ஸ்ஷ்டைன்ஹார்ன் ரோப் கார் உண்டு, பல விடுதிகள் கோடை அட்டையையும் சேர்த்தே தருகின்றன. மலைகளின் பேருருவம் மட்டும் அங்கே குறைவு.

சுவிட்சர்லாந்துக்குள் ரயில் செலவைக் குறைக்கச் சுவிஸ் டிராவல் பாஸ் உதவும். அதில் வெங்கன், செர்மாட் வரையிலான ரயிலும் சாஸ்ஃபே பேருந்தும் அடக்கம். கோர்னர்கிராட்டுக்குப் பாதிக் கட்டணம், யுங்ஃபிராவ்யோக்குக்கு வெங்கனுக்கு மேல் கால் பங்கு தள்ளுபடி. பெற்றோருடன் வரும் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டால் அவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஷமோனிக்கு இந்தப் பாஸ் பயன்படாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சமையலறையுள்ள விடுமுறை வீட்டை எடுப்பதே நம்மவர்களுக்கு ஏற்றது. இவை பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வாடகைக்கு விடப்படுகின்றன. 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு திறந்த பாத்திரத்தில் வேக வெகுநேரம் ஆகும். சிறிய குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சைவர்கள் கவனிக்க வேண்டியது: க்ருயேர் போன்ற மரபான பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே உறையவைக்கிறார்கள். கடைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பல இடங்களில் மூடியிருக்கும், ஆகவே சனிக்கிழமை மாலையே அரிசி, காய்கறி, பால் வாங்கிவிட வேண்டும்.

எப்போது போவது என்பதில் நம் பள்ளி விடுமுறை இடைஞ்சலாக நிற்கிறது. தமிழ்நாட்டின் ஏப்ரல், மே விடுமுறையில் இந்த ஊர்களுக்குப் போகவே வேண்டாம். பனிச்சறுக்குப் பருவம் முடிந்து பாதைகளில் பழைய பனி கிடக்கும். ரோப் கார்கள் பராமரிப்புக்காக நிற்கும். விடுதிகள் பலவும் பூட்டியிருக்கும். ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் இயல்பாகவே அமைந்துவிடுகிறது; அவர்கள் ஜூலை முதல் பாதியைத் தேர்ந்தெடுத்தால் புல்வெளி முழுவதும் பூத்திருக்கும். ஊரிலிருந்து பெற்றோரை மட்டும் அழைத்துச் செல்பவர்கள் செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களை எடுத்துக்கொள்ளட்டும். கூட்டம் குறைந்திருக்கும், பிற்பகல் இடிமழை அடங்கியிருக்கும், மேய்ச்சல் முடிந்து மாடுகள் மணியோசையோடு மலையிறங்கும் காலமும் அதுவே. எந்த மாதமானாலும் மலைப்பள்ளத்தாக்கில் வெள்ளமும் மண்சரிவும் வரக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. 2024 ஜூனில் பெய்த பெருமழையில் செர்மாட்டுக்கான ரயில் தொடர்பு துண்டிக்கப்பட்டது, சாஸ் பள்ளத்தாக்கும் பாதிக்கப்பட்டது. விமானத்துக்கு முந்தைய இரவை மலையில் கழிக்காமல் சூரிக்கிலோ ஜெனீவாவிலோ தங்குமாறு திட்டமிடுங்கள்.

பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துச் செல்பவருக்கு வெங்கனில் ஏழு இரவுகள். நடக்கத் தெம்புள்ள பிள்ளைகளோடு செலவைக் கணக்கிட்டுச் செல்பவருக்குச் சாஸ்ஃபேயில் ஐந்தும் செர்மாட்டில் இரண்டும். இளைஞர் குழுவுக்கு ஷமோனி. வெங்கனைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் நாளே யுங்ஃபிராவ்யோக்குக்குச் சீட்டு வாங்க வேண்டாம். முதல் தெளிந்த காலையில் மென்லிகன் பாதையில் நடந்து உடல் உயரத்துக்குப் பழகட்டும். இரண்டாவது தெளிந்த காலையில், முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்து மேலே போகலாம்.